தெரியாது என்று சொல்லத் தெரிந்த இயந்திரம்

1980-களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பஃபலோ நகர அஞ்சலகத்தைக் கடந்துபோன கடித உறைகளிலிருந்து 9,298 இலக்கங்கள் படங்களாக வெட்டி எடுக்கப்பட்டன. யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்களின்மேல் அஞ்சல் குறியீட்டு எண்ணாகக் கையால் எழுதப்பட்டவை. சில நிமிர்ந்து நின்றன, சில சாய்ந்து படுத்திருந்தன. தலை மூடிக்கொண்டு 9 போலத் தெரியும் 4, மூக்கு நீண்டு 7-ஐப் போல நிற்கும் 1 என்று கைக்குக் கை வேறுபாடு. நியூஜெர்சியில் இருந்த ஏடி அண்ட் டி பெல் ஆய்வகத்தில் யான் லெகுன் என்ற இளம் பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒவ்வோர் இலக்கத்தையும் பதினாறுக்குப் பதினாறு புள்ளிகள் கொண்ட கட்டத்துக்குள் அடக்கினார்கள். 7,291 இலக்கங்களைக் காட்டி ஒரு நரம்பு வலைப்பின்னலைப் பழக்கினார்கள். அந்தக் காலத்து சன் கணினியில் பயிற்சி மூன்று நாள் ஓடியது. பிறகு, வலைப்பின்னல் அதுவரை பார்த்திராத 2,007 இலக்கங்களை அதன்முன் வைத்தார்கள்.

நூற்றுக்கு ஐந்து தவறு.

1989-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவின் வரலாறு எழுதும் எவரும் தாண்டிப்போக முடியாது. படங்களைப் பார்த்து அடையாளம் சொல்லும் இன்றைய மென்பொருள்களில் பெரும்பகுதி அதன் வழிவந்தவை. ஆனால் அந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னோர் எண் இருக்கிறது: 12.1 சதவீதம். அரசு வேலைக்குச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டுவர நினைக்கும் எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அது என்ன என்று சொல்வதற்கு முன்னால் ஒரு கணக்கு. அமெரிக்க அஞ்சல் குறியீட்டில் ஐந்து இலக்கங்கள். ஒவ்வோர் இலக்கத்தையும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகப் படிக்கும் இயந்திரம், ஐந்தையும் சேர்த்துச் சரியாகப் படிப்பது எத்தனை முறை? 0.95-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.77 வருகிறது. நூறு கடிதங்களில் இருபத்து மூன்று கடிதங்கள் வேறெங்கோ போய்ச் சேரும். ஆய்வகத்தில் கைதட்டல் வாங்கும் 95 சதவீதம், அஞ்சலகத்தில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஆகவே அந்தக் குழு இன்னொரு கேள்வியைக் கேட்டது. பதில் சொல்லும் இலக்கங்களில் தவறு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது என்றால், எத்தனை இலக்கங்களுக்கு இயந்திரம் பதில் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்? அதற்கான விடைதான் 12.1 சதவீதம். நூறில் பன்னிரண்டு இலக்கங்களுக்கு இயந்திரம் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லிவிட்டால், மீதியில் தவறு ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைகிறது.

இயந்திரம் எப்படித் ‘தெரியவில்லை’ என்று சொல்லும்? வலைப்பின்னலின் கடைசி அடுக்கில் பத்து முனைகள் இருந்தன. 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒன்று. படம் உள்ளே போனதும் பத்தும் வெவ்வேறு அளவில் கிளர்ச்சி அடையும். மிக அதிகமாகக் கிளர்ச்சி அடைந்த முனையே விடை. ஆனால் அதை மட்டும் பார்த்தால் போதாது. லெகுன் குழு முக்கியமாக ஒரு நிபந்தனை வைத்தது. முதலில் வந்த முனையின் அளவுக்கும் இரண்டாவதாக வந்ததன் அளவுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் அந்த இலக்கம் ஒதுக்கப்படும். 4-ஆ 9-ஆ என்று இரண்டு முனைகளும் நெருங்கி நின்றால், வென்றது எதுவானாலும் இயந்திரம் வாய் திறக்காது.

இந்தச் சிந்தனை லெகுனுக்கு முந்தியது. எழுத்துகளை அடையாளம் காணும் இயந்திரங்களைப் பற்றி 1957-இல் எழுதிய சி. கே. சௌ என்ற பொறியாளர், எப்போது பதில் சொல்வது, எப்போது ஒதுங்குவது என்பதற்குக் கணித வழியில் ஒரு விதி கொடுத்தார். தவறுக்கும் ஒதுக்கலுக்கும் இடையே உள்ள கொடுக்கல் வாங்கலை 1970-இல் இன்னும் தெளிவாக வரைந்து காட்டினார். அவருடைய விதியின் சாரம் எளிது. கோட்டை எங்கே போடுவது என்பது இரண்டு விலைகளைப் பொறுத்தது: தவறாகச் சொன்னால் என்ன இழப்பு, சொல்லாமல் விட்டால் என்ன செலவு. இந்த விலைகளைக் கணிதம் கண்டுபிடித்துத் தராது. யாராவது சொல்ல வேண்டும். கடிதம் வழிதவறினால் என்ன இழப்பு, ரேஷன் அரிசி மறுக்கப்பட்டால் என்ன இழப்பு, நோய் இருப்பவரை இல்லை என்று அனுப்பிவிட்டால் என்ன இழப்பு என்பதெல்லாம் மென்பொருள் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் மென்பொருளுக்குள் எங்கோ ஒரு வரியில் அந்தக் கோடு போடப்பட்டுத்தான் இருக்கும். அரசுத் துறை அதைச் சொல்லாவிட்டால், ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் நிரலாளர் ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

சரி, ஒதுக்கப்பட்ட கடிதம் எங்கே போகும்? அமெரிக்க அஞ்சல் துறையின் கதையில் என்னை மிகவும் ஈர்த்த பகுதி இதுதான்.

அந்தத் துறை இயந்திரங்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது வெகு முன்னால். 1963-இல் ஐந்திலக்கக் குறியீட்டு எண் வந்தது. 1965-இல் டெட்ராய்ட் நகரில் முகவரி படிக்கும் முதல் அதிவேக இயந்திரம் வேலைக்கு வந்தது. அது தட்டச்சு செய்த முகவரிகளை மட்டுமே படித்தது. கையெழுத்து அதற்கு எட்டவில்லை. 1990-களில் துறை ஒரு வழி கண்டது. முகவரிகளைத் தட்டச்சு செய்வதற்கென்றே தனி மையங்களை வெவ்வேறு ஊர்களில் அமைத்தது. பிரிப்பகத்தில் கடிதம் ஓடும்போதே அதன் முகப்பு படம் பிடிக்கப்படும். இயந்திரத்தால் படிக்க முடியாவிட்டால், உறையின் பின்பக்கத்தில் ஒளிரும் ஆரஞ்சு நிறக் கோடுகளாக ஓர் அடையாளம் அச்சாகும். கடிதம் அங்கேயே காத்திருக்க, அதன் படம் மட்டும் தொலைதூர மையத்தில் இருக்கும் ஊழியரின் திரைக்குப் போகும். அவர் சில விநாடிகளில் முகவரியைப் படித்து, சுருக்கமாகத் தட்டுவார். விடை திரும்பிவரும், ஆரஞ்சுக் கோடுகளை வைத்துக் கடிதத்தைக் கண்டுபிடித்து, அதன் முகப்பில் பட்டைக்குறியீடு அடிக்கப்படும். அதற்குப் பிறகு எந்த இயந்திரமும் அந்தக் கையெழுத்தைப் படிக்க வேண்டியதில்லை.

1997-இல் நாடு முழுவதும் இப்படி 55 மையங்கள் இருந்தன. அதே காலத்தில்தான் கையெழுத்து முகவரியை முழுதாகப் படிக்கும் மென்பொருள் வேலைக்கு வந்தது. அதை உருவாக்கியது பஃபலோ பல்கலைக்கழகத்தில் சர்குர் ஸ்ரீஹரி தலைமையில் இயங்கிய ஆய்வு மையம். ஸ்ரீஹரி பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டுப் போனவர். லெகுனின் வழியிலிருந்து வேறுபட்ட ஒரு சாமர்த்தியத்தை அந்தக் குழு கையாண்டது.

தூரத்தில் வரும் பேருந்தின் பலகையை நாம் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. அந்தச் சாலையில் எந்தெந்த ஊர்ப் பேருந்துகள் வரும் என்று தெரியும். முதலெழுத்தின் வளைவும் பெயரின் நீளமும் தெரிந்தாலே ஊரைச் சொல்லிவிடுவோம். முகவரியும் அப்படித்தான். எழுத்து எழுத்தாகப் படித்துத் தெருவின் பெயரைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆனால் குறியீட்டு எண்ணையும் வீட்டு எண்ணையும் முதலில் படித்துவிட்டால், அந்த வட்டாரத்தில் அந்த எண்ணுள்ள வீடு எந்தெந்தத் தெருக்களில் இருக்கிறது என்று அஞ்சல் துறையின் தரவுத்தளம் சொல்லிவிடும். நாட்டின் அத்தனை தெருப் பெயர்களும் சுருங்கி ஒரு சிறு பட்டியலாகிவிடுகின்றன. உறையில் இருக்கும் கிறுக்கல் அந்தப் பட்டியலில் எதற்கு மிக நெருக்கம் என்று மட்டும் பார்த்தால் போதும். ஊரின் பெயரும் குறியீட்டு எண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தவறு இருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரிந்துவிடும். அப்போது அது ஒதுங்கிக்கொள்ளும். படம் மனிதரின் திரைக்குப் போகும்.

ஆண்டுகள் செல்லச்செல்ல இயந்திரம் ஒதுக்குவது குறைந்தது, மையங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2013-இல் விச்சிட்டா நகர மையம் மூடப்பட்டபோது மிஞ்சியது ஒன்றே ஒன்று, சால்ட் லேக் சிட்டியில். மென்பொருள் கைவிட்ட கையெழுத்துகள் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் அங்கேதான் வந்து சேர்கின்றன. ஐம்பத்து நான்கு மையங்களின் வேலை போனது உண்மை. அந்த ஊழியர்களுக்கு அது சிறிய விஷயமும் இல்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட கடிதத்தை வாங்கிக்கொள்ள ஒரு மனிதர் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை அந்தத் துறை ஒருநாளும் கைவிடவில்லை. அந்த மனிதர் பார்ப்பது, இயந்திரம் பார்த்த அதே படத்தைத்தான். இயந்திரம் என்ன நினைத்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. உறை அவர் கண்முன் இருக்கிறது.

இந்த இரண்டு அம்சங்களும், அதாவது ஒதுங்கத் தெரிந்த இயந்திரமும் அதே ஆதாரத்தைப் பார்க்கக்கூடிய மனிதரும், எங்கெல்லாம் சேர்ந்து இல்லையோ அங்கெல்லாம் நல்ல தொழில்நுட்பம்கூடக் குடிமக்களைச் சிரமப்படுத்தியிருக்கிறது.

தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். நீரிழிவு நோய் விழித்திரையைப் பாதித்துப் பார்வையைப் பறிக்கும். முன்கூட்டியே கண்டுபிடித்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். விழித்திரைப் படத்தைப் பார்த்து அந்தப் பாதிப்பைச் சொல்லும் மென்பொருளை கூகுள் உருவாக்கியது. அதைப் பழக்கிய படங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் கொடுத்தவை உண்டு. 2016-இல் வெளியான முடிவுகளின்படி, அது கண் மருத்துவர்களுக்கு இணையாகப் படித்தது. பிறகு தாய்லாந்தின் பதும் தானி, சியாங் மாய் மாகாணங்களில் 11 மருத்துவ நிலையங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அதுவரை அங்கே விழித்திரைப் படங்களை நிபுணருக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. இனி பத்து நிமிடத்தில் விடை வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்கள் உள்ளே போயின. அவற்றில் 393 படங்களை, அதாவது 21 சதவீதத்தை, இயந்திரம் தரம் போதாது என்று ஒதுக்கியது. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது: மங்கலான படத்தைப் பார்த்து ஊகம் சொல்லவில்லை. பிரச்சினை இயந்திரத்துக்கு வெளியே இருந்தது. நல்ல விழித்திரைப் படம் எடுக்க அறை இருட்டாக இருக்க வேண்டும். இந்த நிலையங்கள் பலவற்றில் இருட்டறையே இல்லை. வெளியே நோயாளிகள் வரிசையில் நிற்க, செவிலியர்கள் கிடைத்த வெளிச்சத்தில் படம் எடுத்தார்கள். ஒதுக்கப்பட்ட படத்தை வாங்கிப் பார்க்க அங்கேயே யாரும் இல்லை. படம் சரியில்லை என்றால் நோயாளியை வேறு மருத்துவமனையில் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். ஒருநாள் கூலியை விட்டு, வண்டி பிடித்துப் போக வேண்டும். கண்ணில் கோளாறு இல்லாதவர்கூடப் போக வேண்டும். படத்தைப் பார்த்தாலே இது சரியாக இருக்கிறது என்று செவிலியருக்குத் தோன்றும் இடங்களிலும் இயந்திரத்தின் சொல்லை மீற வழியில்லை. கூகுளின் ஆய்வாளர்களே நிலையங்களுக்குப் போய்ப் பார்த்து, இதை ஒளிக்காமல் 2020-இல் கட்டுரையாக எழுதினார்கள். அந்த நேர்மைக்காகவே அது முக்கியமான கட்டுரை. தெரியாது என்று சொல்வது பாதி வேலைதான், அதைக் கேட்டுக்கொள்ள ஆள் வேண்டும் என்று அது காட்டியது.

நம் ரேஷன் கடைகளில் நடப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கைரேகை ஒப்பீடு ஒரு புள்ளியியல் வேலை. பதிவில் இருக்கும் ரேகைக்கும் இப்போது கருவியில் வைத்த விரலுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று ஒரு மதிப்பெண் வரும். அது கோட்டைத் தாண்டினால் ஆம், தாண்டாவிட்டால்? அறிவியல்படி அதன் பொருள் ‘இவர்தானா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை’ என்பதே. நாற்று நட்ட கையிலும், சுண்ணாம்பும் சிமெண்டும் குழைத்த கையிலும், எழுபது வயதைத் தாண்டிய கையிலும் ரேகை தேய்ந்துவிடுகிறது. கருவியின் கண்ணாடியில் தூசி இருக்கலாம், சிக்னல் விட்டுப்போயிருக்கலாம். ‘ரேகை விழவில்லை’ என்று கடைக்காரர் சொல்கிறார். அந்த நொடியில் ‘தெரியவில்லை’ என்பது ‘இல்லை’ என்று மாறிவிடுகிறது. பாட்டி பையை மடித்துக்கொண்டு திரும்புகிறார்.

இது அரிதாக நடப்பதும் இல்லை. ஆதார் வழக்கின்போது, 2018-இல், ஆதார் ஆணையமே உச்ச நீதிமன்றத்தில் அளித்த விளக்கத்தில், அரசுச் சேவைகளில் அடையாளச் சரிபார்ப்பு 88 சதவீதம் வெற்றி பெறுவதாகச் சொன்னது. மீதி பன்னிரண்டு என்பது லெகுனின் இயந்திரம் ஒதுக்கிய அளவுக்கு ஏறக்குறைய சமம் என்பது தற்செயல். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவில் இயந்திரம் ஒதுக்கிய கடிதங்களுக்காக ஐம்பத்தைந்து மையங்களில் ஆள் வைத்தார்கள். இங்கே விதிகளில் மாற்று வழிகள் எழுதப்பட்டிருக்கின்றன: கருவிழிப் பதிவு, கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல், வர முடியாத முதியவர் சார்பில் வேறொருவரை நியமிப்பது. ரேகை விழாத காரணத்தால் மட்டும் ஒருவருக்கு உரிய பயன் மறுக்கப்படக் கூடாது என்பதே அந்த வழக்கில் நீதிமன்றத்தின் நிலைப்பாடு. கார்டில் புகைப்படம் இருக்கிறது, எதிரே ஆள் நிற்கிறார், கடைக்காரருக்கு அவரை இருபது வருடமாகத் தெரியும். பார்க்கக்கூடிய மனிதர் இருக்கிறார், ஆதாரம் இருக்கிறது. ஆனால் அவர் தன் பொறுப்பில் அரிசியைக் கொடுத்தால், பிறகு இருப்புக் கணக்கில் கேள்வி வரும் என்று அஞ்சுகிறார். இயந்திரம் ஒதுக்கியதைத் தீர்மானிக்கும் உரிமையை எழுத்தில் அவருக்குக் கொடுத்து, அதற்காக அவரைத் தண்டிக்க மாட்டோம் என்ற உறுதியையும் கொடுத்தால்தான் மாற்று வழி உயிர் பெறும்.

நெதர்லாந்தில் நடந்தது இவை எல்லாவற்றையும்விட மோசம். அங்கே குழந்தைகளைக் காப்பகத்தில் விடும் பெற்றோருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. விண்ணப்பங்களில் மோசடி இருக்கக்கூடியவை எவை என்று மதிப்பெண் போட, 2013 முதல் வரித்துறை ஒரு மென்பொருளைப் பயன்படுத்தியது. அது பழைய வழக்குகளிலிருந்து கற்றுக்கொண்டது. விண்ணப்பதாரர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பதும் அது கணக்கில் எடுத்த அம்சங்களில் ஒன்று. மதிப்பெண் அதிகமானால் கோப்பு ஓர் அதிகாரியின் மேசைக்குப் போகும். அப்படியானால் மனிதர் இருந்தாரே என்று கேட்கலாம். இருந்தார். ஆனால் இயந்திரம் ஏன் சந்தேகப்பட்டது என்று அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை. கோப்பு வந்திருக்கிறது என்பதே குற்றத்தின் சாயலாகிவிட்டது. ஒரு கையெழுத்து விடுபட்டது, ஒரு சிறு தொகை கட்டத் தவறியது என்பதற்கெல்லாம் கொடுத்த உதவித்தொகை முழுவதையும் திருப்பிக் கேட்டார்கள். பல்லாயிரம் யூரோ கடனில் குடும்பங்கள் மூழ்கின. வீடுகள் போயின, மணவாழ்க்கைகள் முறிந்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசுப் பராமரிப்புக்கு எடுத்துச் செல்லப்பட்டார்கள். 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு அறிக்கை கொடுத்தது. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவை பதவி விலகியது.

இதில் அறிவியல் ரீதியாகக் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. கடித உறையின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு உண்மையான விடை ஒன்று உண்டு. தவறாகப் படித்தால் கடிதம் வேறு வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்; தவறு தன்னைக் காட்டிக்கொடுக்கும். ‘இவர் மோசடி செய்யக்கூடியவரா’ என்பதற்கு அப்படி ஒரு விடை எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. பழைய வழக்குகளில் இருப்பது, முன்பு அதிகாரிகள் யாரைத் துருவிப் பார்த்தார்கள் என்பதன் பதிவு. ஒரு குறிப்பிட்ட மக்களை அதிகம் துருவினால் அவர்களிடம்தான் அதிகம் பிழை கிடைக்கும். யாரையும் துருவாத இடத்தில் பிழை இருந்தாலும் பதிவில் வராது. அந்தப் பதிவிலிருந்து கற்கும் இயந்திரம் அதிகாரிகளின் பழைய பார்வையைக் கற்றுக்கொண்டு, அதை எண்ணாக்கித் திருப்பிக் கொடுக்கிறது. அதே மக்கள் மீண்டும் துருவப்படுகிறார்கள். பதிவு இன்னும் அந்தப் பக்கம் சாய்கிறது. எழுத்தைப் படிக்கும் வேலையையும் மனிதரை எடைபோடும் வேலையையும் ஒரே பெயரில் அழைத்து, ஒன்றில் கிடைத்த வெற்றியைக் காட்டி மற்றொன்றை விற்பது இன்றைக்கும் நடக்கிறது. இரண்டாவது வேலைக்கு இயந்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் கருத்து. குறைந்தபட்சம், குடிமகனின் பணத்தை நிறுத்தும் அதிகாரம் அதன் அருகில் வரக்கூடாது.

ஆஸ்திரேலியாவில் உதவித்தொகை பெற்றவர்களுக்கு இயந்திரம் தானாகக் கடன் நோட்டீஸ் அனுப்பிய விவகாரத்தையும் பலர் செயற்கை நுண்ணறிவின் கணக்கில் எழுதுகிறார்கள். அதில் நுண்ணறிவே இல்லை. வரித்துறையில் பதிவான ஆண்டு வருமானத்தை இரண்டிரண்டு வாரங்களாகச் சமமாக வகுத்தார்கள். ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் வேலையின்மை என்று இருந்தவர்கள் எல்லாம் வேலையில்லாத வாரங்களிலும் சம்பாதித்தவர்களாகத் தெரிந்தார்கள். நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் மீது சட்டத்துக்குப் புறம்பாகச் சுமத்தப்பட்ட கடன் 170 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் ஒரு மனிதர் பார்க்கும் பழைய வழக்கத்தைச் செலவு என்று நீக்கிவிட்டதும் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இப்போது வந்திருக்கும் பேசும் மென்பொருள்களுக்கு இந்தப் பாடம் இன்னும் அவசரமானது. அஞ்சல் இயந்திரத்தின் பத்து முனைகளைப் போல இவற்றுக்குள்ளும் மதிப்பெண்கள் இருக்கின்றன. ஆனால் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்பதற்கான மதிப்பெண்கள் அவை. சொல்லும் செய்தி உண்மையா என்பதற்கானவை அல்ல. சொற்கள் சரளமாக வரிசையில் வந்து நிற்பதால், தெரியாத இடத்திலும் தெரிந்தது போலவே ஒலிக்கும். நியூயார்க் நகராட்சி 2023 அக்டோபரில் சிறுதொழில் செய்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இப்படி ஒன்றை வெளியிட்டது. முதலாளி தன் ஊழியருக்குக் கிடைக்கும் டிப்ஸில் பங்கு எடுக்கலாம் என்று அது சொல்லிக்கொண்டிருந்ததை 2024 மார்ச்சில் செய்தியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது. நகராட்சியின் சின்னத்தோடு வரும் பதிலை ஒரு கடைக்காரர் எதற்குச் சந்தேகப்படப் போகிறார்? சட்ட விதியின் மூலப் பக்கத்தைத் தேடி எடுத்து அதிலிருந்து மட்டும் பதில் சொல்ல வைப்பது, மூலம் கிடைக்காவிட்டால் அலுவலரின் தொலைபேசிக்கு மாற்றிவிடுவது போன்ற வழிகள் இன்று இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் மக்கள் முன் வைப்பதை நான் அவசரம் என்று சொல்ல மாட்டேன். பொறுப்பின்மை என்றுதான் சொல்வேன்.

தமிழ்நாட்டில் எங்கே தொடங்கலாம்? செயற்கை நுண்ணறிவைப் பாதுகாப்பாகவும் நெறியோடும் பயன்படுத்துவது பற்றி 2020-இலேயே கொள்கை வெளியிட்ட மாநிலம் இது. நான் கையில் எடுக்க விரும்புவது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர் நாளை. காலையிலேயே வரிசை நிற்கும். பாதிப் பேர் வாசலில் மனு எழுதுபவரிடம் எழுதி வாங்கியிருப்பார்கள். மீதிப் பேர் வீட்டில் பேரப்பிள்ளை எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்திருப்பார்கள். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், பாதைத் தகராறு, குடிநீர். இவற்றைப் படித்து, எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்று பிரித்து, எண் போட்டு அனுப்புவது பெரும் உழைப்பு. ஒரு மனு தவறான துறைக்குப் போனால், அது சுற்றி வருவதற்குள் மனுதாரர் இன்னும் சில திங்கட்கிழமைகள் பேருந்து ஏறியிருப்பார்.

இது எழுத்தைப் படிக்கும் வேலை. மனிதரை எடைபோடும் வேலை அன்று. தமிழ்க் கையெழுத்தை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பவர்கள், எல்லா எழுத்துகளையும் எழுதத் தேவைப்படும் தனித்தனி வடிவங்களை 156 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து இலக்கங்களோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கும். அவசரமாக எழுதும்போது துணைக்காலும் ரகரமும் ஒன்றாகிவிடுகின்றன. சர்வே எண்ணில் ஒரு 1, 7 ஆனால் நிலமே வேறு. ஆனால் ஸ்ரீஹரி குழு செய்த சாமர்த்தியம் இங்கும் செல்லும். கிராமத்தின் பெயர், சர்வே எண், பட்டா எண், உரிமையாளர் பெயர் எல்லாம் வருவாய்த் துறையின் தமிழ்நிலம் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. மனுவில் படித்த நான்கும் அங்கே ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னால் இயந்திரம் துணிந்து பிரிக்கலாம். ஒன்று முரண்பட்டாலும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். தட்டச்சு செய்த ஊகத்தை மட்டும் நீட்டாமல், மனுவின் படத்தோடு ஓர் ஊழியரின் திரைக்கு அனுப்ப வேண்டும்.

இதற்கு டெண்டர் போடும்போது துல்லியம் எத்தனை சதவீதம் என்று ஒரு வரி எப்படியும் இருக்கும். அதற்குக் கீழே இன்னும் மூன்று வரிகள் வேண்டும். நூறு மனுக்களில் எத்தனையை இயந்திரம் ஒதுக்கலாம். ஒதுக்கியதை எந்தப் பதவியில் இருப்பவர், எத்தனை நிமிடத்துக்குள் பார்ப்பார். அவர் எடுக்கும் முடிவு இயந்திரத்தின் முடிவை மீறியதாக இருந்தால் அதற்கு அவரிடம் விளக்கம் கேட்கப்படாது என்ற உறுதி. ஒவ்வொரு திங்களும் ஒதுக்கப்பட்டவை எத்தனை என்று அலுவலகப் பலகையில் எழுதிவிடலாம். அந்த எண் திடீரென்று குறைந்தால் மென்பொருள் தேறிவிட்டது என்று உடனே மகிழக்கூடாது. யாராவது கோட்டைக் கீழே இறக்கியிருக்கலாம், அதைச் சரிபார்க்க வேண்டும். இயந்திரத்துக்கும் ஊழியருக்கும் பிடிபடாத கையெழுத்துகள் சில எப்போதும் மிஞ்சும். சால்ட் லேக் சிட்டி ஊழியருக்கு இல்லாத வசதி ஒன்று நம் ஊழியருக்கு உண்டு: அந்த மனுவைக் கொடுத்தவர் அந்த நேரத்தில் அதே வளாகத்தில்தான் இருப்பார், ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம்.